கடைசி பேட்ச் காலாவதியாகும் மாதம்

1

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. இங்கே கார்க் நகரத்தில் எங்கள் தெருமுனை இறைச்சிக் கடைக்காரர் கிறிஸ்துமஸுக்கு இலவசமாகக் கொடுத்தது. அதில் இந்த மாதத்தின் பெயரைச் சுற்றி என் மகள் நிவேதா சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள். பிறந்தநாளும் இல்லை, கல்யாண நாளும் இல்லை. ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த மாத்திரைக் கம்பெனியின் கடைசி பேட்ச் காலாவதியாகும் மாதம் இது. அது முடிந்ததும் அப்பா விமானம் ஏறி வந்துவிடுவார் என்று நான்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். மாத்திரை காலாவதியாவதற்கும் மனுஷன் விமானம் ஏறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அயர்லாந்தில் குடியேற்ற அலுவலகத்து அதிகாரியும் அதையேதான் கேட்டார். அவருக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விளக்கமாக உங்களுக்குச் சொல்கிறேன்.

மருந்து செய்கிற எந்தக் கம்பெனியும், ஒரு தடவைக்கு மொத்தமாகச் செய்யும் ஒவ்வொரு பேட்ச் மாத்திரையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற அதே டப்பாவில், அதே லேபிளோடு பூட்டி வைக்க வேண்டும். கன்ட்ரோல் சாம்பிள் என்போம். அந்த மாத்திரை காலாவதியாகும் வரையாவது அது இருக்க வேண்டும். எங்காவது புகார் வந்தால் அதை எடுத்துச் சோதிப்பார்கள். அது நன்றாக இருந்தால், மாத்திரையை வைத்திருந்த இடத்தில் தவறு. அதுவும் கெட்டிருந்தால், செய்தவன் மேல் தவறு. கம்பெனியை மூடிவிட்டாலும் மாத்திரை ஊருக்குள் நடமாடிக்கொண்டுதானே இருக்கிறது? அதனால் மூடிய பிறகும் அந்த அறையை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது, என் வீட்டுக்காரர்.

2

நான் கோவில்பட்டிப் பக்கம். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, ஓசூரில் வேலை என்று சொன்னபோது அம்மா, "அது கன்னடக்காரன் ஊருல்லா?" என்று பயந்தாள். பாதி சரிதான். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நான் முதலில் குடியிருந்த வரிசையில் கீழ்வீட்டம்மா கன்னடம், எதிர்வீடு தெலுங்கு, பக்கத்து அறைகள் முழுக்க மதுரை, விருதுநகர்ப் பையன்கள். ஒருவன் ஷிஃப்ட் முடிந்து வரும்போது இன்னொருவன் பாயிலிருந்து எழுந்து போவான். அந்தக் கலவைக்குள் என் தெற்கத்தித் தமிழும் ஒரு மூலையில் செட்டாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் உள்ளூர்க்காரர். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிற குடும்பம். பி.ஃபார்ம். படித்துவிட்டு அந்த மாத்திரைக் கம்பெனியில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்தார். அவர் மாத்திரை செய்வார், நான் அதைச் சோதிப்பேன். நான் ஃபெயில் போட்டால் அன்றைக்கு ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறமும் அதே கதைதான், என்ன, சமைத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

சின்னக் கம்பெனிதான். ஓசூர்க் குளிரை நம்பி எங்கள் முதலாளி அங்கே ஷெட் போட்டிருந்தார். வலிப்பு மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை. பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள். அப்போதுதான் மருந்துத் தொழிலுக்குப் புதிய தர விதிகள் கட்டாயமாயின. தரையில் இணைப்புக் கோடு தெரியக் கூடாது. சுவரும் தரையும் சேருகிற மூலை வளைந்திருக்க வேண்டும். வேலைக்கு வேலை தனி அறை, வடிகட்டிய காற்று, உடை மாற்ற அடுத்தடுத்து அறைகள். சின்னக் கம்பெனிகளுக்கு அவகாசம் தள்ளித் தள்ளிக் கொடுத்தார்கள், ஒருநாள் அதையும் நிறுத்திக்கொண்டார்கள். அதே நேரத்தில் வடக்கே மலை மாநிலங்களில் ஆலை வைத்தால் வரி கிடையாது என்று அறிவிப்பு. பத்திரிகைகள் பேட்டன்ட் சட்டம் மாறியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. பெரியவர்கள் கவலைப்பட்டது அதற்கு. எங்களைச் சாய்த்தது தரையும் காற்றும்தான்.

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ். கடைசியில் ஒருநாள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏம்பா, இந்த ஷெட்டு கட்டுனதவிட அந்தக் காத்துக்கு ஜாஸ்தி ஆவும்போல கீதேப்பா. என்னால ஆவல. மருமகன் வடக்க ஷெட்டு போடறான், நானும் அங்க போயிடறேன். கடைசி பேட்ச்சு போட்டு மூடிடலாம்."

கடைசி பேட்ச், வலிப்பு மாத்திரை. நான்தான் சோதித்தேன். சோதனைக் குடுவையில் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் என் கண் முன்னால் அழகாகக் கரைந்தது. கரைந்தால்தான் மருந்து உடம்பில் சேரும். பேக்கிங்கில் இருந்த மாதம்மா கடைசி டப்பாவுக்கு மூடி போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். "இங்க கை வெள்ளையா இருந்துச்சு, அங்க மஞ்சளா இருக்கும். அவ்ளோதான் மேடம் வித்தியாசம்."

சாம்பிள் அறைக்கு ஆள் வேண்டும் என்றார் முதலாளி. இவர் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் கத்தாத கத்தில்லை.

"உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? மூடுன கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலையா பாக்கப் போறீக?"

"வாட்ச்மேன் இல்ல சுமதி. அந்த மாத்திரைய எவனோ ஒருத்தன் தெனம் முழுங்கிக்கினு இருக்கான். எதனா ஒண்ணுன்னா கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

அந்த நேரத்தில்தான் பெங்களூர் ஏஜென்சி மூலமாக எனக்கு அயர்லாந்தில் வேலை வந்தது. "நீ போ. கொழந்தைய இட்டுக்கினு போ. கடைசி பேட்ச் முடிஞ்சதும் நான் வந்துடறேன்" என்றார். பெங்களூர் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினார். சட்டைப்பையிலிருந்து சாம்பிள் அறைச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

3

இங்கே என் வேலையும் அதே வேலைதான். மழையில் பஸ் பிடித்து, ஆலைக்குள் அடுத்தடுத்து அறைகளில் உடை மாற்றி, தலை மூடி, காலுறை போட்டு உள்ளே போக வேண்டும். முதல் நாள் அந்தத் தரையைப் பார்த்தேன். கோடே இல்லாத தரை. மூலையெல்லாம் வளைந்து சுவரோடு ஏறிப் போகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னோடு வந்த நோரீன் என்ற ஐரிஷ்காரி கண்ணில் தூசு விழுந்துவிட்டதா என்று கேட்டாள். அந்த அறையில் தூசு எங்கிருந்து வரும்?

விதி தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மழைக்காலத்தில் எங்கள் ஓசூர் ஷெட்டின் சுவரில் ஓதம் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். நோயாளிக்கு நல்ல தரை வேண்டும்தான். ஆனால் அந்தத் தரையை எங்கள் ஊரிலேயே போடுவதற்கு ஒரு வழி சொல்லியிருக்கலாம். வழி சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், வசதி உள்ளவன் இருப்பான், இல்லாதவன் போவான். போனோம்.

பேச்சும் இங்கே கொஞ்சம் பாடுபடுத்தியது. சோதனைக்கூடத்தில் கேள்வி கேட்க நினைத்து, எனக்கு ஒரு டவுட் இருக்கிறது என்றேன். நம் ஊரில் கேள்வி என்றாலே டவுட்தான். இங்கே அது சோதனை முடிவையே நான் நம்பவில்லை என்று அர்த்தமாகி, வேலையை நிறுத்திவிட்டு ஆள் மாற்றி ஆள் வந்து விசாரித்தார்கள். எனக்குக் கேட்க இருந்ததோ, குடுவை கழுவும் பிரஷ் எங்கே இருக்கிறது என்பதுதான்.

குடியேற்ற அலுவலகத்தில் ஒவ்வொரு வருடமும் பதிவைப் புதுப்பிக்க வரிசையில் நிற்க வேண்டும். எனக்கும் மகளுக்கும் ஏன் ஒரே குடும்பப் பெயர் இல்லை என்று ஒரு கேள்வி. என் பெயருக்குப் பின்னால் என் அப்பா, அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா என்று சொல்வேன். அப்படியானால் அந்த அப்பா எங்கே என்று அடுத்த கேள்வி.

"இந்தியாவில் இருக்கிறார். மூடிய தொழிற்சாலையில் மாத்திரைகளைப் பார்த்துக்கொள்கிறார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "பார்த்துக்கொண்டால் அந்த மாத்திரைகள் என்ன ஆகும்?"

"காலாவதியாகும்."

முத்திரை குத்தித் தந்துவிட்டார்.

மூக்கண்டப்பள்ளித் தெருவில் நிவேதா வீட்டுக்காரம்மாவிடம் கன்னடமும் இஸ்திரி போடுகிறவரிடம் தெலுங்கும் என்னிடம் தமிழும் பேசித் திரிந்தவள். இப்போது கார்க் நகரத்துக்காரர்கள் மாதிரி வார்த்தையை இழுத்துப் பாடுகிற இங்கிலீஷ் மட்டும்தான். நான் தமிழில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஒருநாள் பள்ளியில் ஆசிரியை என்னைப் பார்த்து, "நிவேதாவின் அப்பா மியூசியத்தில் வேலை செய்கிறாராமே, அருமை" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன். "வேற எப்படிச் சொல்றது?" என்றாள். பிள்ளை ரொம்பவும் தப்பாகச் சொல்லவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபோன் கார்டைச் சுரண்டி அவரைக் கூப்பிடுவோம். முதலில் நிவேதா: சாப்டியாப்பா, ஃபைன்ப்பா, பைப்பா. அப்புறம் நான். அவருக்குப் பேச நிறைய இருக்கும். "நேத்து ஊருக்குப் போயி திரும்பி வரும்போது சானமாவு காட்டுல யானை ரோட்டுல நின்னுக்கிச்சு. பஸ்ஸு நகரவே இல்ல. எனக்கு ரூமு ஞாபகமாவே இருந்துச்சு" என்பார். பெண்டாட்டி ஞாபகம் வரவில்லையா என்று சீண்டுவேன். "அதும் வந்துச்சு" என்பார்.

போன கோடைக்குப் பிறகு ஒரு ஞாயிறு அவர் குரலே வேறாக இருந்தது. மாவட்டத்தின் ஒரு மூலையில் இருக்கிற ஆஸ்பத்திரியில் எங்கள் கடைசி பேட்ச் மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்துவிட்டதாம். மருந்து ஆய்வாளர் அங்கே இருந்த டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். மாத்திரை சரியாகக் கரையவில்லை, தரமற்றது என்று முடிவு வந்திருக்கிறது.

அந்த பேட்ச்சைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அவருக்கோ உள்ளுக்குள் ஒரு தெம்பு.

"அவங்க தகர ஷெட்டுல போட்டு வெச்சிருக்காங்க சுமதி. நான் போயி பாத்தேன். அடிக்கற வெயிலுக்கு எந்த மாத்திரை தாங்கும்? நம்ம சாம்பிள் கீது இல்ல, அதுக்குத்தான இத்தினி நாளா காத்துக்கினு இருக்கேன். அத டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடும்."

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரே சாம்பிள் அறையைத் திறந்து, டப்பாவை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பெங்களூர் போனார். அங்கீகாரம் பெற்ற ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்தார். முடிவு வந்தது. நாங்கள் பாதுகாத்த மாத்திரையும் கரையவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையைவிட மோசம்.

வேறு யாராக இருந்தாலும் அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டிருப்பார்கள். இவர் நேராகக் கொண்டுபோய் ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டார். பிறகு யோசனை கேட்கப் போன கிருஷ்ணகிரி வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "உங்கள யாரு சார் கேட்டா? கைல வெச்சிருந்த ஒரே சாட்சிய நீங்களே எதிராளிக்குக் குடுத்துட்டீங்களே?"

"நம்ம பேட்ச்சுதான சார்" என்றிருக்கிறார் இவர். இவர் மேல் எனக்குக் கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தன. அழுததென்னவோ கோபத்தில்தான்.

5

வழக்கு பதிவானது. கம்பெனி மேல், தயாரித்தவர் மேல், சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் மேல். அதாவது என் மேலும். முதலாளி வடக்கே படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று மருமகன் சொல்கிறார். என் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது. இங்கே அவருக்காக நான் போட்ட விசா விண்ணப்பத்தில், நிலுவையில் வழக்கு உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. உண்மையைத்தான் எழுதினேன். மறுத்துப் பதில் வந்தது.

வக்கீல் என்னிடமும் பேசினார். "மேடம், நீங்க இப்ப வந்தீங்கன்னா உங்க பாஸ்போர்ட்டும் உள்ள போயிடும். கேஸு எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது." கிளம்பிப் போய்ப் பக்கத்தில் நின்றுவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அவர்தான் விடவில்லை. "ரெண்டு பேரும் மாட்டிக்கினா கொழந்த எங்க போவா?" என்றார். அவரால் இங்கே வர முடியாது. என்னால் அங்கே போக முடியாது. இதைத்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை என்று சொல்லிக்கொள்கிறோம்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. நான் சோதித்த அன்றைக்குக் கரைந்த மாத்திரை எப்படி இறுகியது? ஒரு ஞாயிறு அவரே அதைச் சொன்னார், கேட்காமலே.

"கம்பெனிக்குக் கரண்ட கட் பண்ணிட்டாங்க, உனக்குச் சொன்னா கவலப்படுவேன்னு சொல்லல. சாம்பிள வெளிய எடுக்கவும் கூடாது. சித்திரையில அந்த ரூமு வெந்து போச்சு. நான் தெனம் கோணிய நனைச்சுக் கூரைமேல போட்டேன். ஜன்னல்ல தொங்க விட்டேன், டப்பா வெச்ச ரேக்கச் சுத்தியும் கட்டினேன். பானையில ஊத்தி வெச்ச தண்ணியாட்டம் ஜில்லுனு வெச்சிருந்தேன் சுமதி. அந்த ரூமுல இருந்தது எப்படிக் கெட்டுப் போவும்?"

நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வலிப்பு மாத்திரை வெயிலைக்கூடக் கொஞ்சம் தாங்கும். ஈரக் காற்றைத் தாங்காது. ஈரத்தை இழுத்து உள்ளுக்குள் கல்லாகிவிடும், பிளாஸ்டிக் டப்பா மூடி அதைத் தடுக்காது. அவரும் படித்தவர்தான். வெயிலை மட்டும் பார்த்துப் பயந்தவருக்கு ஈரம் கண்ணில் படவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரை அந்தத் தகர ஷெட்டின் புழுக்கத்தில் கெட்டது. எங்கள் சாம்பிள் அவர் கோணியில் கெட்டது. அந்தக் கோணி இல்லாதிருந்தால் அது கரைந்திருக்கும், அவர் இந்நேரம் இங்கே இருந்திருப்பார்.

நான் சொல்லவில்லை. சொன்னால் வழக்குக்கும் பிரயோஜனம் இல்லை, சாம்பிளைச் சரியாக வைக்காததும் தப்புதான் என்பார் வக்கீல். வழக்கு கிடக்கட்டும். இத்தனை வருடம் அந்த ஆள் செய்த ஒரே காரியம் அதைக் காத்ததுதான். அதைக் கெடுத்ததும் நீங்கதான் என்று எந்த வாயால் சொல்ல? முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கு வேறு மாத்திரை கொடுத்து வலிப்பு அடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இந்தக் கதையில் நல்லபடியாக முடிந்தது அது ஒன்றுதான்.

6

போன வாரம் எங்கள் ஆலையில் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்த 2009இல் இப்படிக் கூப்பிட்டாலே எதற்கென்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே செய்கிற முக்கியமான மாத்திரைக்கு பேட்டன்ட் முடிகிறது. இனி அதை இந்தியாவில் ஒரு கம்பெனி செய்து தரும். ஆலையை மூடுகிறோம் என்று மேனேஜர் தாளைப் பார்த்துப் படித்தார்.

நோரீனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உன் ஊருக்குத்தானே போகிறது, உனக்காவது சந்தோஷமா?" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். என் ஊரில் இருந்தது எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? இந்தியாவில் மருந்துத் தொழிலின் எதிர்காலம் பிரகாசம் என்று நம் பத்திரிகைகளில் படிக்கிறேன். இருக்கட்டும், நம்புகிறேன். அந்தப் பிரகாசத்தில் மாதம்மா இல்லை, நாங்கள் இல்லை, இனி நோரீனும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூடிய பிறகும் சாம்பிள் அறையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், கடைசி பேட்ச் காலாவதியாகும் வரை. உள்ளூர்க்காரர்கள் யாருக்கும் விருப்பமில்லை, தனியாக இருக்க வேண்டிய வேலை. சம்மதித்தால் என் வேலை அனுமதியை நீட்டிக்க எழுதித் தருவதாகச் சொன்னார். வேலை போனால் இந்த நாட்டில் நான் இருக்க முடியாது. இருக்க முடியாவிட்டால் போக வேண்டிய இடம் கோர்ட். அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து நிவேதாவிடம் சொன்னேன். அவள் நாள்காட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில் கேட்டாள். "நீயுமாம்மா?"

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று ஞாயிறு. அவரிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன், இல்லை. அவர் குரலில் பழைய தெம்பு வந்தது. இந்த உலகத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலைக்குத்தானே நான் போகிறேன்.

"நல்லா பாத்துக்க சுமதி. நம்மள நம்பி எவனோ முழுங்கறான். ரூமு சூடாவாம பாத்துக்க. வெயில் ஏறுச்சுன்னா கோணிய நனைச்சுக் கட்டிடு, ஜில்லுனு இருக்கும்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"சரிங்க" என்றேன். "கட்டிடுதேன்."